முடிச்சுப் போட்டவள் வரட்டும்

மதில் கட்டுறதெண்டாக் கட்டுங்கோ தம்பி, நான் மறிக்கேல்லை. கிளுவை வேலி எத்தினை நாளைக்குத்தான் நிக்கும், வருசா வருசம் கட்டிக் கட்டி எனக்கும் நாரி முறிஞ்சு போச்சு. ஆனா இந்த மூலையில பூவரசில ஏறிக் கிடக்கிற கொடியை வெட்டப் போறன் எண்டு உங்கட மேசன் கத்தியோட வந்தானே, அதுக்குத்தான் காலமை நான் வாயைத் திறந்தனான். அவன் உங்களிட்டை வந்து கிழவிக்கு விசர் எண்டு சொல்லியிருப்பான். சொல்லட்டும். கதிரையை இஞ்சால இழுத்துப் போட்டு இருங்கோ, ஏன் வெட்டேலாது எண்டு சொல்லுறன். நம்பினா நம்புங்கோ, நம்பாட்டித் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ.

முதல் ஒண்டு சொல்லிப் போடுறன். நான் சல்லிக் கடற்கரையில பிறந்தவள். கடலில செத்தவங்களின்ர சத்தம் கேக்குது, வெளிச்சம் தெரியுது எண்டு எங்கட ஊரில கதைக்காத ஆள் இல்லை. எங்கட ஐயா மட்டும் காறித் துப்பிப்போட்டு, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டுவார். நான் அந்த மனிசன்ர பிள்ளை. பேய்க்குப் பயந்து ஒரு நூல் கட்டினதில்லை, என்ர பிள்ளைக்கும் கட்டினதில்லை. இண்டைக்கும் இதைப் பேய் எண்டு நான் சொல்லமாட்டன். நடந்ததைச் சொல்லுவன், அதுக்கு நீங்கள் என்ன பேர் வைப்பியளோ வையுங்கோ.

யப்பான்காரன் திருக்கோணமலையில குண்டு போட்ட வருசம். உங்களுக்கு அது பள்ளிக்கூடத்தில படிச்ச சங்கதி, எனக்கு அது கைப்பிள்ளையோட ஓடின ஓட்டம். என்ர மனிசனுக்குக் கப்பல் திருத்திற டொக்யாட்டில வேலை, மகள் பிறந்து துடக்குக் கழிஞ்சு கொஞ்ச நாள்தான். காலமை வந்து போட்டாங்கள். சீனக்குடாப் பக்கம் எண்ணெய்த் தாங்கி பத்தி எரியுது, வானம் முழுக்கக் கரி, காயப்போட்ட பிள்ளையின்ர துணியெல்லாம் கறுத்துப் போச்சு. மனிசனை வேலையால விடமாட்டினமாம். அவர் என்னையும் பிள்ளையையும் மூதூர் வள்ளத்தில ஏத்திவிட்டார், அங்கயிருந்து மாட்டு வண்டியில கிளிவெட்டிக்கு, அவரின்ர அக்கா வீட்டுக்குப் போனனாங்கள். தங்கம்மா மச்சாள் எண்டு பேர். நல்ல மனிசி, குறை சொல்லப்படாது, ஆனா வீடு நிறையப் பிள்ளையள், அதுக்கு மேல பட்டினத்தில இருந்து ஓடி வந்த சொந்தக்காரர் இன்னும் கொஞ்சப் பேர்.

கிளிவெட்டி எண்டா வயல் ஊர், அங்க சோத்துக்குப் பஞ்சம் வருமோ எண்டு கேப்பியள். வந்தது. பர்மா அரிசி நிண்டு போச்சு, ஊரில விளைஞ்ச நெல்லை அரசாங்கம் அளந்துகொண்டு போட்டுது, மிச்சத்தை ஓடி வந்த ஆக்கள் சாப்பிட்டுத் தீத்தாச்சு. நானும் அதில ஒருத்திதானே. வறண்ட கச்சான் காத்துத் தொடங்கேக்க கூப்பனுக்கு அளந்து தந்த அரிசியில கஞ்சி, அதையும் பிள்ளையளுக்கு வாத்துப்போட்டு மிஞ்சினாத்தான் எங்களுக்கு.

எனக்குப் பால் வத்திப் போச்சு. இதைத்தான் நீங்கள் விளங்கவேணும் தம்பி, மற்றதெல்லாம் இதுக்குப் பிறகுதான். பிள்ளை வாயை வைச்சு இழுக்கும், ஒண்டும் வராது, விட்டிட்டு என்ர முகத்தைப் பாக்கும். முதல் கத்தினது, பிறகு கத்தவும் பெலன் இல்லாமப் போச்சு. மாட்டுப்பால் குடுத்தா வயித்தால போகும், ஆட்டுப்பால் குடுத்தாச் சத்தி எடுக்கும். உச்சிக்குழி உள்ள இறங்கிப் போச்சு. பரியாரியார் வந்து பாத்திட்டு, தாய் வயிறு நிறையச் சாப்பிட்டாத்தான் பிள்ளை தப்பும் எண்டார். சாப்பிட என்ன கிடக்கு எண்டு கேட்டன், பரியாரியார் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போட்டார்.

ஊர்ப் பொம்பிளையள் அந்த நேரம் காட்டுக்குப் போய்க் கிழங்கு கிண்டிக்கொண்டு வருவினம். வயலைத் தாண்டினாப் பத்தைக்காடு, அதுக்கு அங்கால கல்மலை, மலைச்சரிவு முழுக்கக் காட்டுவள்ளிக் கொடி. கொடி காய்ஞ்சு சருகாத் தொங்கேக்கதான் அடியில கிழங்கு முத்தும். பாலைப்பழம், வீரைப்பழம், முசுட்டை இலை எண்டு கண்டதையும் பனையோலை உமலில போட்டுக் கொண்டு வருவினம். மச்சாளும் போவா. நானும் வாறன் எண்டன். பச்சை உடம்புக்காரி காட்டுக்குப் போகப்படாது எண்டு வீட்டில ஒரே சத்தம். பிள்ளை செத்தாப் பிறகு உடம்பு பச்சையா இருந்தா என்ன, காய்ஞ்சா என்ன எண்டு கேட்டன். மச்சாளின்ர மூத்தவளிட்டைப் பிள்ளையைக் குடுத்திட்டு, கிழங்கு கிண்டிற இரும்பு அலவாங்கைத் தூக்கித் தோளில வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டிட்டன்.

காட்டுக்குள்ள போறதெண்டா அவைக்குச் சில முறை இருக்கு. நுழையிற இடத்தில ஒரு குழையை முறிச்சுக் கொப்பில கொழுவிவிட்டுப் பிள்ளையாரை நினைக்கவேணும். உள்ள போனா ஆளை ஆள் பேர் சொல்லிக் கூப்பிடப்படாது, 'கூ' எண்டுதான் குரல் குடுக்கவேணும். கிழங்கைக் கிண்டி எடுத்தா அதின்ர தலையை, கொடி முளைக்கிற அந்தத் துண்டை, திரும்பக் குழிக்குள்ள வைச்சு மண்ணை இழுத்து மூடிப்போட்டு வரவேணும், அப்பத்தான் அடுத்த மாரிக்குத் தளிர்க்கும். இதெல்லாம் எனக்கும் சரியாத்தான் பட்டுது. கடைசியா மச்சாள் ஒண்டு சொன்னா. மாரி காலத்திலேயே சில பேர் காட்டுக்குள்ள போய்ப் பச்சைக் கொடியில ஒரு முடிச்சுப் போட்டு வைப்பினமாம், இது என்ர எண்டதுக்கு அடையாளம். பச்சையில போட்ட முடிச்சு அப்படியே காய்ஞ்சு கிடக்கும். முடிச்சுக் கிடக்கிற கொடியை வேற ஆள் தொடப்படாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கடலில ஆரும் மீனுக்கு முடிச்சுப் போட்டு வைக்கிறதில்லை தம்பி. ஆரின்ர வலையில விழுதோ அவையின்ர மீன். மச்சாளிட்டை அப்படியே சொன்னன். இது கடல் இல்லை எண்டா.

போன இடமெல்லாம் குழி. எங்களைப்போலப் பட்டினத்தால ஓடி வந்த சனம் முதலே கிண்டிப் போட்டுது, தலையைக்கூடப் புதைக்கேல்லை, எல்லாத்தையும் வாரிக்கொண்டு போட்டுதுகள். வெயில் ஏறுது. எங்கட உமலுக்குள்ள கொஞ்சம் வீரைப்பழமும் ஒரு பிடி முசுட்டையும்தான். அப்பத்தான் ஒரு பெரிய கல்லுக்குப் பக்கத்தில மொத்தக் கொடி ஒண்டு மரத்தில ஏறிக் காய்ஞ்சு தொங்கிறதைக் கண்டன். அந்தத் தண்டின்ர மொத்தத்தைப் பாத்தாலே அடியில கிடக்கிற கிழங்கு எவ்வளவு எண்டு தெரியும். மச்சாளும் கண்டவதான், கண்டும் காணாத மாதிரி மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு நடக்கிறா. கிட்டப் போய்ப் பாத்தன். நெஞ்சு உயரத்தில ஒரு முடிச்சு. மற்ற ஆக்கள் போடுற பக்கம் இல்லை, மறுவளமாச் சுத்திப் போட்ட முடிச்சு.

தொடாதை எண்டா மச்சாள். ஆரின்ர முடிச்சு எண்டு கேட்டன். காட்டுக்குள்ள பேர் சொல்லுறதில்லை, வா போவம் எண்டு கையைப் பிடிச்சு இழுத்தா. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. அங்க பிள்ளை நாக்கு வறண்டு போய்க் கிடக்குது, இஞ்ச நிலத்துக்கடியில சாப்பாடு கிடக்குது, ரெண்டுக்கும் நடுவில ஒரு காய்ஞ்ச முடிச்சு. கையை உதறிப்போட்டுச் சொன்னன்.

"முடிச்சுப் போட்டவள் வரட்டும். வந்தாக் கதைப்பம்."

மச்சாளின்ர முகம் வெளிறிப் போச்சு. கல்லைச் சுத்தி மற்றப் பக்கம் போட்டா. பழம் ஆயப் போறன் எண்டு சொன்னவ, கோவிச்சுக்கொண்டுதான் போனவ. நான் அலவாங்கை ஓங்கிப் போட்டன்.

பசி வந்தாப் பத்தும் பறக்கும் எண்டு சும்மாவே சொன்னவை. அந்த இறுகின நிலத்தில எனக்கு எங்கயிருந்து அவ்வளவு பெலன் வந்துதோ தெரியாது. இடுப்பளவு குழி கிண்டிப் போட்டன். கிழங்கு நேர கீழ இறங்கிக் கல்லுக்கடியில வளைஞ்சு போகுது, முறியாம எடுக்கவேணும் எண்டு மண்ணைக் கையால விறாண்டிக்கொண்டு நிக்கிறன். உச்சி நேரம். காத்தும் நிண்டு போச்சு. ஒருமாதிரி ஆட்டி அசைச்சு முழுக் கிழங்கையும் வெளியில இழுத்துப் போட்டு நிமிர்ந்து பாத்தா, குழிக்கு அங்கால ஒருத்தி குந்திக்கொண்டு இருக்கிறாள்.

என்ர வயசுதான் இருக்கும். சாயம் போன சீலை. நெஞ்சுக்குக் குறுக்கால ஒரு துணி கட்டி அதுக்குள்ள பிள்ளை. பேயைக் கண்டா மயிர் கூச்செறியும், நாக்கு ஒட்டும் எண்டெல்லாம் சொல்லுவினம், சத்தியமா எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. அட, முடிச்சுக்காரி வந்திட்டாள், இவளோட இனிச் சண்டை பிடிக்கவேணுமே எண்ட ஆய்க்கினைதான் வந்தது. வீட்டுக்குப் போனாப் பிறகுதான் யோசிச்சனான், அந்த இடம் முழுக்க முழங்கால் அளவு சருகு. மச்சாள் தூரத்தில நடந்தாலும் எனக்குக் கேக்கும். இவள் வந்ததுக்கு ஒரு சருகு அசைஞ்ச சத்தம் கேக்கேல்லை.

"அது என்ர முடிச்சு" எண்டாள். சண்டைக் குரல் இல்லை, கிணத்தடியில உங்கட வாளி இது எண்டு சொல்லுற மாதிரி.

"முடிச்சு உங்கட. பசி என்ர பிள்ளையின்ர" எண்டன்.

"எனக்கும் பிள்ளை கிடக்கு."

அப்பதான் அந்தத் துணிக்குள்ள இருந்து ஒரு சின்னக் கை வெளியில வந்தது. என்ர மகளின்ர கை அளவுதான். விரலுக்குள்ளயும் நகத்துக்குள்ளயும் மண். கைக்குழந்தையின்ர கையில மண் ஏன் எண்டு ஒரு நினைப்பு வந்தது, வந்த உடனே போட்டுது. பிள்ளை அழேல்லை. ஒரு சத்தமும் போடேல்லை.

அவளுக்கும் பால் இல்லை எண்டு பாத்த உடனே தெரிஞ்சுது, அது பொம்பிளைக்குத் தெரியும். ஆனா கிழங்கை விட்டிட்டுப் போக நான் வரேல்லை. நான் கடற்கரைக்காரி, கரைவலை இழுத்தா இழுத்த ஆளுக்கெல்லாம் பங்கு, பகையாளி வந்து இழுத்தாலும் பங்கு. முடிச்சு உங்கட, பாடு என்ர, பாதிப் பாதி எடுப்பம் எண்டன். அவள் தலையை ஆட்டினாள். நான் கிழங்கின்ர தலையை முறிச்சு ஒரு பக்கம் வைச்சிட்டு, மிச்சத்தை அலவாங்கில வைச்சு ரெண்டா முறிச்சு, பெரிய பாதியை நீட்டினன். நம்புங்கோ, பெரிய பாதியைத்தான் நீட்டினனான். அவள் கை நீட்டேல்லை. உள்ள வை எண்டு குழியைக் காட்டினாள். வைச்சன். தலையையும் எடுத்து முறைப்படி உள்ள வைக்கப் போனன், வேண்டாம் எண்டாள்.

"தலையை நீ கொண்டு போ. உன்ர வளவில வை. முடிச்சை நான் வந்து போடுறன்."

அந்த நேரம் பாத்துக் கல்லுக்கு அங்கால இருந்து மச்சாள் 'கூ' எண்டா. நான் குழியால ஏறி, அந்தப் பக்கம் திரும்பி, நானும் 'கூ' எண்டன். எனக்குப் பின்னால, அவ்வளவு கிட்ட, இன்னொரு 'கூ' கேட்டுது. திரும்பிப் பாக்கிறன், அவள் இல்லை. குழியும் இல்லை தம்பி. இடுப்பளவு குழி, கிண்டின மண் ஒரு பக்கம் குவிஞ்சு கிடந்தது, ஒண்டும் இல்லை. நிலம் இறுகிப் போய், அதுக்கு மேல சருகு, ஆரும் ஒரு காலமும் கால் வைக்காத மாதிரி. என்ர கையில பாதிக் கிழங்கும் தலையும். என்ர சீலை இடுப்பு மட்டும் மண்.

மச்சாள் வந்து நிலத்தைப் பாத்தா, என்னைப் பாத்தா. எங்க கிண்டினனி எண்டு கேட்டா, காட்டினன். ஆரோட கதைச்சனி எண்டு கேட்டா, உன்ர குரல் மட்டும் கேட்டுது எண்டா. நடந்ததைச் சொன்னன். மச்சாள் என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு நடந்தா. காட்டால வெளியில வந்து, நாங்கள் குழை கொழுவின மரத்தடியைத் தாண்டினாப் பிறகுதான் அப்படியே நிலத்தில இருந்து அழுதா.

பூரணம் எண்டு ஒருத்தியாம். புருசன் இல்லாதவள், கிழங்கு கிண்டி வித்துச் சீவிச்சவள், இடக்கைக்காரி. முடிச்சு மறுவளமாக் கிடந்தது அதாலதான். குண்டு போட்ட அண்டைக்கு ஏரோப்பிளேன் சத்தம் கேட்டு ஊர் எல்லாம் சிதறி ஓடேக்க இவளும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தனக்குத் தெரிஞ்ச பக்கம், காட்டுக்குள்ள ஓடினவளாம். பொம்பிளைப் பிள்ளை. திரும்பி வரேல்லை. அவளின்ர முடிச்சை ஒருத்தரும் தொடாமல் விட்டது அதாலதான்.

தேடினீங்களோ எண்டு கேட்டன். மச்சாள் சீலைத் தலைப்பால மூக்கைத் துடைச்சா. அந்த நேரம் ஆர் ஆரைத் தேடுறது எண்டா.

அண்டைக்கு அந்தப் பாதிக் கிழங்கை அவிச்சு நான் ஒருத்தியே சாப்பிட்டன். மச்சாளின்ர பிள்ளையள் பாத்துக்கொண்டு நிண்டதுகள், ஒரு துண்டு குடுக்கேல்லை, குடுக்கவும் மாட்டன். அது பேசிப் பறிச்ச பங்கு, என்ர பிள்ளைக்கு எண்டு வாங்கினது. விடியக் காலமை நெஞ்சு கனத்தது. பிள்ளையை எடுத்து வைச்சன். முதல் இழுத்திட்டு வழமை போல விட்டிட்டு என்ர முகத்தைப் பாத்தாள், பிறகு திரும்ப வாயை வைச்சாள், கடவாயால பால் வழிஞ்சுது. நான் அழுத அழுகையில வீடே எழும்பி வந்திட்டுது. அந்தப் பிள்ளைதான் இப்ப மட்டக்களப்பில தபால் கந்தோரில வேலை செய்யிற என்ர மகள், போன தீபாவளிக்கு வரேக்க உங்களோடயும் கதைச்சவள்தானே.

ஊருக்குள்ள கதை பரவிப் போச்சு. செத்தவளின்ர கிழங்கைத் திண்டிட்டாள், அதின்ர பால் பிள்ளைக்கு ஆகாது, பேய் விலகக் கழிப்புக் கழிக்கவேணும், தலையைக் கொண்டுபோய் எடுத்த இடத்தில வைக்கவேணும் எண்டு பெரிய மனிசர் எல்லாம் படலையடியில வந்து நிண்டினம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பாலூட்டிக்கொண்டிருந்த பிள்ளையோடேயே எழும்பிப் போய்க் கேட்டன், என்ர பிள்ளை சாகக் கிடக்கேக்க நீங்கள் எல்லாம் எங்க நிண்டனீங்கள், ஒருத்தி பிள்ளையோட காட்டுக்குள்ள போய் வராமல் கிடக்கேக்க எங்க நிண்டனீங்கள், அவளின்ர முடிச்சுக்கு இவ்வளவு மரியாதை செய்யிற நீங்கள் அவளைத் தேடிப் போனனீங்களோ எண்டு. ஒரு கிழவர் மட்டும் வாயைத் திறந்து, வள்ளியம்மனும் கிழங்குக் குழிக்குள்ள கிடந்த பிள்ளைதானே, போகட்டும் விடுங்கோ எண்டார். விடமாட்டன் எண்டன். வாங்கோ, இடத்தைக் காட்டுறன், தோண்டிப் பாப்பம் எண்டு மூண்டு நாலு ஆம்பிளையளை இழுத்துக்கொண்டு போனன்.

இடத்தைக் காட்டினன். அலவாங்கு போட்டாத் தீப்பொறி பறக்குது, அவ்வளவு இறுக்கம், நேற்றுத் தோண்டின நிலம் எண்டு ஒருத்தனும் சொல்லமாட்டான். கொஞ்சம் கொத்திப் பாத்திட்டு, இதில ஒரு நாளும் கிழங்கு கிடந்திருக்காது, உனக்குப் பசி மயக்கம் எண்டு சொன்னாங்கள். மரத்தில பாருங்கோ எண்டன். கொடி ஏறிச் சுத்தின தடம் மரத்தில வடுவாக் கிடந்தது, கொடி இல்லை. அதின்ர தலை வீட்டில என்ர பானைக்குள்ள கிடக்குது.

மச்சாள் தன்ர வளவில அதை நட விடமாட்டன் எண்டு ஒரே பிடி. சரி, உங்கட மண் வேண்டாம் எண்டு நான் ஒரு உடைஞ்ச பானைக்குள்ள மண் போட்டு வைச்சு வேலியோரத்தில விட்டன். மாரி மழை பெய்ய முளைச்சுது. ஆள் உயரத்துக்கு ஏறினாப் பிறகு ஒரு நாள் காலமை பாக்கிறன், நெஞ்சு உயரத்தில முடிச்சு. மறுவளமாச் சுத்தின முடிச்சு. மச்சாள் கண்டிட்டுப் பிள்ளையளைக் கூப்பிட்டு எல்லாரையும் வெளுத்துப் போட்டா, பாவங்கள். வாறன் எண்டாள், வந்தாள், அவ்வளவுதானே. அடுத்த கச்சானுக்குக் கிண்டினன், பாதியை அவிச்சன், பாதியை அந்த மண்ணுக்குள்ளயே வைச்சன். நான் அதைப் பயத்தில செய்யேல்லை, அது பேச்சு. பேசினதைப் பேசினபடி செய்யவேணும்.

சனம் பட்டினத்துக்குத் திரும்பேக்க பானையையும் வள்ளத்தில ஏத்திக்கொண்டு வந்தன், பிறகு அன்புவழிபுரத்தில இந்தக் காணி வாங்கி இந்த மூலையில நட்டன். வைச்ச பாதி என்ன ஆகுது எண்டு கேப்பியள். எனக்குத் தெரியாது. அடுத்த முறை கிண்டினா அது இருக்காது. மனிசன் உயிரோட இருக்கும் மட்டும் எலி எண்டு சொன்னார்.

இனிச் சொல்லுறதை நான் மனிசனுக்குக்கூட வடிவாச் சொன்னதில்லை. மகள் எழும்பி நிக்கப் பழகின மாரியில ரெண்டாவது முடிச்சு ஒண்டு கண்டன். கீழ, என்ர முழங்காலுக்குக் கொஞ்சம் மேல. அது முடிச்சே இல்லை, சின்னப் பிள்ளையள் சும்மா முறுக்கி விட்ட மாதிரி. மகளின்ர வேலை எண்டு நினைச்சன். அடுத்த வருசம் அது கொஞ்சம் மேல. அதுக்கடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் மேல. ஒரு நாள் மகளைக் கொடிக்குப் பக்கத்தில நிப்பாட்டிப் பாத்தன், அவளின்ர நெஞ்சுக்குச் சரியா வந்து நிண்டுது. எனக்கும் சந்தேகம்தான், நானும் லேசில நம்புற ஆள் இல்லையே, ஒரு மாரி முழுக்க மகளைக் கொண்டுபோய்க் கிளிவெட்டியில மச்சாளோட விட்டிட்டுப் பாத்தன். முடிச்சு வந்தது. வருசா வருசம் உயர்ந்து, மகளுக்கு வளர்த்தி நிண்ட வயசில அதுவும் நிண்டுது. அதுக்குப் பிறகு ரெண்டு முடிச்சும் கிட்டக் கிட்டக் கிடக்கும், ஒண்டு தாயின்ர, ஒண்டு பிள்ளையின்ர.

அந்தப் பாதிக் கிழங்கில அதுவும் வளர்ந்துது எண்டு எனக்குள்ள ஒரு சந்தோசம் இருந்தது. சிரியுங்கோ, பரவாயில்லை. சில நேரம் மகளுக்குச் சட்டை தைக்கேக்க அதின்ர நினைப்பு வரும்.

இப்ப எழும்பிப் போய்க் கொடியைப் பாருங்கோ, கிட்டப் போய்ப் பாருங்கோ. மாரி முடியப் போகுது, கொடி பூவரசின்ர உச்சிக்குப் போட்டுது, ஒரு முடிச்சுத்தான் கிடக்கு. வழமையான பக்கம் சுத்தின முடிச்சு, பூரணத்தின்ர பிள்ளையின்ர. மறுவளமாக் கிடக்கிறது இந்த முறை இல்லை. நான் கொடியை இலை இலையாத் தடவிப் பாத்திட்டன், இல்லை. செத்தவளுக்கும் இன்னொரு சாவு இருக்கோ, அதை நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? ஒரு நாள், ஒரு குழிக்கரையில, நான் சண்டை பிடிக்க வெளிக்கிட்ட ஒருத்திக்காக இந்த மூலையில நிண்டு அழுதன் தம்பி, என்ர கூடப்பிறந்தவள் போனபோதும் அப்படி அழேல்லை. அவளுக்கும் எனக்கும் ஒரு வயசு, அதுவும் மனசில ஓடாமல் இல்லை. ஓடட்டும். இருந்தா வாற கச்சானுக்கும் கிண்டுவன், பாதியை வைப்பன், நான் இல்லாட்டி மகள் வந்து வைப்பாள், சொல்லிப் போட்டன்.

அழுது முடிச்சு, மனசு கேக்காமல், நேற்றுக் காலமை கொடியடியில நிண்டு ஒருக்காக் 'கூ' எண்டனான். பட்டினத்துக்கு வந்த பிறகு ஒரு நாளும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. உடன திருப்பிக் 'கூ' எண்டு வந்தது. அண்டைக்குக் காட்டில எனக்குப் பின்னால கேட்டது தாயின்ர குரல், அதை நான் மறக்கேல்லை, இது அது இல்லை. அந்தப் பிள்ளையின்ர குரலை நான் கேட்டதே இல்லை, அது அழக்கூட இல்லையே.

அதைக் கேட்டுத்தானே நீங்கள் வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "மகள் மட்டக்களப்பில இருந்து வந்திட்டாவோ அக்கா, குரல் கேக்குது" எண்டனீங்கள்.

இல்லை எண்டு சொல்லிப்போட்டு நான் உள்ள போட்டன். மகள் வரேல்லை தம்பி. மதிலை ஒரு முழம் அங்கால தள்ளிக் கட்டுங்கோ.